ஒன்பது கிளிப்பில் ஆறு

பட்டறையில் அவரை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. வயது ஐம்பத்து நான்கு. இருபத்தெட்டு வருடமாக அதே பட்டறை, கடைசி வரிசையில் ஜன்னலை ஒட்டிய அதே இடம். மற்ற மெக்கானிக்குகள் சுத்தியலைத் தேடும் இடத்தில் அவர் பழைய பல் துலக்கும் பிரஷைத் தேடுவார். முதலில் அழுக்கைத் தட்டிவிட்டு, பிறகு குனிந்து பார்த்து, அதன் பிறகுதான் கருவியைக் கையில் எடுப்பார். "நிதானத்துகிட்ட வண்டியக் குடுத்துட்டு கல்யாணத்துக்குப் போயி, சாப்பிட்டு, தூங்கி எழுந்து வந்தாலும் அவர் இன்னும் துடைச்சிக்கிட்டுதான் இருப்பாரு" என்று கேலி பேசுவார்கள். கேலி பேசியவர்களே தங்கள் சொந்த வண்டிக்கு ஏதாவது ஒன்றென்றால் சத்தமில்லாமல் அவரிடம்தான் கொண்டுபோய் நிறுத்துவார்கள்.

சின்ன லாரிகளில் முன்சக்கரத்துக்கு மேலே, மட்கார்டின் உட்பக்கமாக, கறுப்பு பிளாஸ்டிக் தகடு ஒன்று வளைந்து உட்கார்ந்திருக்கும். லைனர் என்பார்கள். சக்கரம் வாரியடிக்கும் சேறும் கல்லும் விளக்கின் ஒயர்களில் படாமல் தடுப்பது அதன் வேலை. அதைப் பிடித்து வைத்திருப்பவை கட்டைவிரல் நக அளவு பிளாஸ்டிக் கிளிப்புகள். வெளியே ஒரு தொப்பி, அதற்குள் ஓர் ஊசி, அவ்வளவுதான் ஒரு கிளிப். ஊசியை மெல்ல நெம்பிக் கொஞ்சம் உயர்த்தினால், உள்ளே விரிந்திருக்கும் கால்கள் சுருங்கிக்கொள்ளும். அப்போது கிளிப்பை முழுசாக உருவிவிடலாம். ஊசி எழும்பாத முன்பே இழுத்தால் கால் ஒடிந்து, தொப்பி தனியாகக் கையோடு வந்துவிடும். ஊசி எழும்பிவிட்டதா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. மண் இறுகி அடைத்துக்கொண்டிருக்கும். விரல் நுனிதான் சொல்ல வேண்டும்.

நிதானத்தின் விரல் நுனி ஒரு வருடமாக எதுவும் சொல்வதில்லை.

முதலில் வலது கட்டைவிரல். பிறகு அடுத்த இரண்டு விரல்கள். எறும்பு ஊர்வது போல ஆரம்பித்து, பிறகு எறும்பும் இல்லாமல் போனது. கையில் இருக்கும் போல்ட் கீழே விழுந்து 'டங்' என்று சத்தம் வந்த பிறகுதான் அது கையில் இல்லை என்பதே தெரியும். "கிரீஸ் வழுக்கிடுச்சு" என்று சொல்லிச் சமாளிப்பார். பொத்தான் வைத்த சட்டைகளை அலமாரியின் அடியில் தள்ளிவிட்டு, தலைவழியாக மாட்டும் பனியன் சட்டைகளையே போட ஆரம்பித்தார். ஒரு மெக்கானிக்குக்குக் கை போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது என்று அவருக்கு நினைப்பு. யாரிடமும் மூச்சு விடவில்லை.

அந்த வருடம் மழை முடிந்த சமயம் ஒரு லாரிக்கு லைனரைக் கழற்றியபோது நான்கு கிளிப்புகளை ஒடித்துவிட்டார். புதிதாக வாங்க ஸ்டோர் ஜன்னலுக்குப் போனார். ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குக் கணீரென்ற குரல். "என்னண்ணே, நாலா? இன்னைக்கு நிதானம் லீவா?" என்று கேட்டாள். பட்டறை முழுக்கச் சிரித்தது. அவரும் கூடச் சிரித்து வைத்தார். அவள் மனதில் ஒன்றும் இல்லை. அடுத்த நிமிடமே மறந்தும் போயிருப்பாள். அவருக்கு மட்டும் அந்தச் சிரிப்பு காதுக்குள் தங்கிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து முட்டைக்காரம்மாவின் லாரி வந்தது.

முட்டைக்காரம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பண்ணையிலிருந்து கடைகளுக்கு முட்டை ஏற்றிப் போகும் லாரி அவருடையது, ஓட்டுவதும் அவரேதான். ஒன்பது வருடமாக ரிப்பேருக்கு வண்டியை நிதானத்தைத் தவிர வேறு ஆளிடம் விட்டதில்லை. அன்று இடதுபக்க முன்விளக்கு விட்டு விட்டு எரிகிறது என்று வந்திருந்தார். பின்னால் முட்டை அட்டைகள் அடுக்கடுக்காக ஏற்றியாகிவிட்டது. "பதினோரு மணிக்குள்ள முதல் கடையில நிக்கணும் அண்ணே" என்று சொல்லிவிட்டு வாசலில் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கோளாறு சின்னதுதான். விளக்குக்குப் பின்னால் ஒயரின் முனை பச்சை பூத்துப் போயிருந்தது. அதைத் தொட வேண்டுமென்றால் லைனரை விலக்க வேண்டும். ஒன்பது கிளிப்புகள். பிரஷால் மண்ணைத் தட்டினார், தண்ணீர் பீய்ச்சினார், தட்டையான நெம்பியை ஊசிக்கு அடியில் கொடுத்தார். எழும்பிவிட்டது என்று நினைத்து இழுத்தார். ஒடிந்தது. அடுத்ததை இன்னும் மெதுவாக. அதுவும் ஒடிந்தது. லைனர் கையில் வந்தபோது முழுசாக இருந்தவை மூன்று. ஆறு தொப்பிகள் தரையில் கிடந்தன.

ஒயரைச் சுரண்டி, முனையை மாற்றி, விளக்கை எரியவிட்டுப் பார்த்தார். அது பத்து நிமிட வேலை. பிறகு ஸ்டோர் பக்கம் பார்த்தார். இருபது அடி தூரம். ஜன்னலில் இரண்டு பேர் சாய்ந்து நின்று அந்தப் பெண்ணோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆறு கிளிப் வேண்டும் என்று அவர்கள் முன்னால் கேட்க வேண்டும். கால் எழவில்லை.

அவர் செய்தது இதுதான். முழுசாக இருந்த மூன்று கிளிப்புகளையும் பம்பருக்குப் பக்கத்தில், பார்த்தவுடன் கண்ணில் படும் முன் ஓரத்தில் போட்டார். மிச்சம் ஆறு துளைகளிலும், ஒடிந்த தொப்பிகளை ஒவ்வொன்றாகக் கறுப்புப் பசை தடவி ஒட்டினார். மேலே கொஞ்சம் சேற்றைக் குழைத்துப் பூசினார். குனிந்து பார்த்தால் ஒன்பதும் இருக்கும். பிடிமானம் மூன்றில்தான். ஸ்டோருக்குப் போய்வர ஆகும் நேரத்தைவிட இதற்கு மூன்று மடங்கு நேரம் ஆனது. அடுத்த மாதம் ஆயில் மாற்ற வண்டி வரும், அப்போது காதும் காதும் வைத்த மாதிரி சரிசெய்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"முடிஞ்சுதாண்ணே?"

"முடிஞ்சுதும்மா."

"நல்லா இருப்பீங்க" என்று சொல்லி முட்டைக்காரம்மா வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

பதினேழாம் நாள் அந்த லாரியை வேறு யாரோ ஓட்டிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நிறுத்தினார்கள். பக்கத்து இருக்கையிலிருந்து முட்டைக்காரம்மா இறங்கினார். வலது கையில் மணிக்கட்டு வரை கட்டு. இடதுபக்க லைனர் பாதி கிழிந்து, நாக்கு மாதிரி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"இறக்கத்துல வளைவு. திடீர்னு டபடபன்னு சத்தம். சக்கரம் வெடிச்சிருச்சுன்னுதான் நெனச்சேன்" என்றார். "பிரேக்க மிதிச்சேன் பாருங்க, பின்னால அடுக்குன அத்தனையும் சரிஞ்சு ஒரே கூழ். இறங்கிப் பாத்தா இந்தத் தகடு டயர்ல சிக்கியிருக்கு. கையால இழுத்தேன். கிழிஞ்ச முனை உள்ளங்கையில ஏறிடுச்சு. நாலு தையல்."

 நிதானம் எதையாவது சொல்ல வேண்டும் என்று நாக்கைப் புரட்டுவதற்குள் அந்தம்மாவே தொடர்ந்தார்.

"எல்லாம் என் தம்பி செஞ்ச வேலை. போன வாரம்தான் அவன் கடையில அந்தச் சக்கரத்துக்கு டயர் மாத்துனேன். கழட்டுறப்ப இதையும் புடிச்சு இழுத்து விட்டுட்டு, அப்படியே அனுப்பிட்டான். சும்மா விடல அண்ணே. கடையில நாலு பேர் நிக்கும்போதே நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டேன். அக்காவக் கொல்லப் பாத்தியாடான்னு கேட்டேன். தொடவே இல்லன்னு சாதிக்கிறான். தப்பு செஞ்சத விட அந்தப் பொய்தான் எனக்கு ஆறல." பிறகு அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "டயர் கழட்டுறப்ப இது பிச்சுக்கும் இல்ல?"

"இருக்கலாம்மா" என்றார் நிதானம்.

அந்த வார்த்தை தன் வாயிலிருந்துதான் வந்தது என்பதை அவராலேயே நம்ப முடியவில்லை. ஆனால் வந்துவிட்டது. அந்தம்மா தலையை ஆட்டிக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

கிழிந்த லைனரைக் கழற்றி எடுத்தபோது, அதில் இரண்டு தொப்பிகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. பின்பக்கம் கறுப்புப் பசை காய்ந்து, அவர் கட்டைவிரல் ரேகையோடு அப்படியே இருந்தது. தகரம் வெட்டும் கத்தரியால் லைனரை நான்கு துண்டாக வெட்டினார். கழிவு டிரம்மின் அடியில், பழைய பில்டர்களுக்குக் கீழே செருகினார். பிறகு ஸ்டோருக்குப் போய்ப் புது லைனரும் ஒன்பது கிளிப்புகளும் கேட்டார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கையில் கட்டோடு ஓர் அம்மா வாசலில் உட்கார்ந்திருக்கும்போது யார் சிரிப்பார்கள். கிளிப்பைத் துளையில் பொருத்தி, ஊசியை உள்ளங்கையால் அழுத்தி, சரியாக உட்கார்ந்ததா என்று இடது கைச் சுண்டுவிரலால் தடவித் தடவிப் பார்த்தார். அந்த விரலில் இன்னும் உணர்ச்சி இருந்தது. ஒன்பதையும் மூன்று முறை பார்த்தார். முட்டைக்காரம்மா எழுந்து வந்து, "உங்கள மாதிரி ஒரு ஆளு போதும் அண்ணே. கூடப் பொறந்தவன் செய்யாதத நீங்க செய்யிறீங்க" என்றார். நிதானம் சக்கர வளைவுக்குள்ளேயே முகத்தை வைத்துக்கொண்டார். வெளியே எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. பட்டறையில் யாராவது இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசினால் தன்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. கழிவு டிரம்மை அள்ளிப்போக வண்டி வந்த நாளில், அது தெருமுனை திரும்பும் வரை வாசலிலேயே நின்று பார்த்தார். வண்டி போன பிறகு மனம் லேசாகும் என்று நினைத்திருந்தார். ஆகவில்லை.

மூன்றாவது வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில், முட்டைக்காரம்மாவின் தம்பி, அந்த டயர் கடைக்காரர், அவரைத் தேடி வந்தார். நாற்பது வயதுக்காரர், ஒல்லியான ஆள், கையிடுக்கில் ஹெல்மெட். கடையைப் பாதியில் மூடிவிட்டு வந்திருப்பது பார்த்தாலே தெரிந்தது. முழங்கை வரை கரி.

"அண்ணே, சாப்பிடுற நேரத்துல வந்துட்டேன். ரெண்டு நிமிசம்."

"உக்காருங்க தம்பி."

அவர் உட்காரவில்லை. "டயர் மாத்துறதுக்கு லைனரை எதுக்குண்ணே தொடணும்? நட்டக் கழட்டுனா சக்கரம் வெளிய வந்துடும். உங்களுக்குத் தெரியாததா. அந்தப் பழைய லைனரை ஒரு தடவ பாத்தாப் போதும், எப்படிப் பிச்சுக்கிச்சுன்னு சொல்லிடலாம். இருக்கா?"

"ஸ்கிராப்புல போயிடுச்சு."

"அப்ப நீங்களாவது அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்குது. உங்க பேச்சுக்கு மரியாதை இருக்கு." கொஞ்ச நேரம் ஹெல்மெட்டின் கண்ணாடியை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். "அம்மா எங்கூடதான் இருக்கு, கடை மாடியில. அக்கா இப்ப மாடி ஏறுறதில்ல. எதிர்க்கடையில ஒரு அட்டை முட்டையக் குடுத்துட்டுப் போயிடுது. ஏன் வரலன்னு அம்மா என்னைக் கேக்குது. நான் என்னன்னு சொல்ல?"

நிதானம் சோற்றுப் பெட்டியைப் பார்த்தார். சொல்லியிருக்கலாம். சுற்றிலும் யாரும் இல்லை, கேட்பவரும் சாது. இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று அவருக்கே தெரிந்தது.

"பாக்காத விசயத்த நான் எப்படி தம்பி சொல்றது" என்றார்.

டயர் கடைக்காரர் ஹெல்மெட்டைத் திரும்பக் கையிடுக்கில் செருகினார். கோபப்படவில்லை. "சரிண்ணே, அதுவும் நியாயம்தான்" என்று சொல்லிவிட்டு நடந்தார். நியாயம் என்ற அந்த ஒரு சொல் போதும், நிதானம் பெட்டியை மூடிவிட்டார்.

அன்று சாயங்காலம் அவர் மனைவி தையல் மிஷினில் ஏதோ தைத்துக்கொண்டிருந்தார். வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவர். தலை நிமிராமலே கேட்டார், "உங்க சட்டைப் பொத்தானையெல்லாம் எடுத்துட்டு, ஒட்டுற பட்டையா வச்சுத் தைச்சுடவா?"

"எதுக்கு?"

"பொத்தான் போட முடியாமத்தான ஒரு வருசமா பனியனோட போறீங்க. எனக்குக் கண்ணு இல்லயா? நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன்."

அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். விரலில் ஆரம்பித்துக் கிளிப், பசை, நான்கு துண்டாக வெட்டிய லைனர், மதியம் வந்துபோன டயர் கடைக்காரர் வரை ஒன்று விடாமல் சொன்னார். சொல்லும்போது மனைவியைப் பார்க்க முடியவில்லை. மிஷினின் சக்கரத்தைப் பார்த்தே சொன்னார். 

"அந்தம்மா கையில எத்தன தையல்?" என்று கேட்டார் மனைவி.

"நாலு."

மனைவி துணியை மடித்து வைத்தார். "நாளைக்கு நீங்களே போறீங்களா, நானும் கூட வரணுமா?"

"நானே போறேன்."

மறுநாள் காலை, முட்டைக் கிடங்குக்குப் போனார். முட்டைக்காரம்மா அட்டைகளை இடது கையால் தாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். கட்டுப் பிரித்தாகிவிட்டது, உள்ளங்கையில் குறுக்கே சிவப்புக் கோடு. "வாங்கண்ணே, என்ன இந்தப் பக்கம்?" என்று முகம் மலர்ந்தார். அந்த மலர்ச்சியைப் பார்த்துக்கொண்டே அதை அணைக்க வேண்டியிருந்தது.

"அம்மா, லைனர் பிச்சுக்கிட்டது உங்க தம்பியால இல்ல. நான்தான். கிளிப்ப ஒடிச்சிட்டு, புதுசு கேக்க வெக்கப்பட்டு, ஒடிஞ்சதையே ஒட்டி விட்டேன்."

அந்தம்மாவுக்கு முதலில் புரியவில்லை. இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது முறை முதல் முறையைவிடக் கஷ்டமாக இருந்தது. கையில் இருந்த அட்டையை அவர் மெதுவாகக் கீழே வைத்தார்.

"நான் உங்ககிட்ட கேட்டேனே. இது பிச்சுக்கும் இல்லையான்னு கேட்டேனே."

"கேட்டீங்க."

"இருக்கலாம்மான்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"ஏறுங்க வண்டியில" என்றார்.

டயர் கடை வரை அந்தம்மா சாலையை மட்டுமே பார்த்து ஓட்டினார். நிதானம் முழங்கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு, இடத்தை அதிகம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது போல ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். கடையில் மூன்று பேர் வண்டியோடு காத்திருந்தார்கள். டயர் கடைக்காரர் தண்ணீர்த் தொட்டியில் ட்யூபை அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இவனத் திட்டுனப்ப ஆளுங்க இருந்தாங்க" என்றார் முட்டைக்காரம்மா. "இப்பவும் இருக்காங்க. சொல்லுங்க."

நிதானம் சொன்னார். குரல் எழும்பவில்லை, காத்திருந்தவர்களில் ஒருவர் "என்னவாம்?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டது அவர் காதில் விழுந்தது. அதனால் இன்னும் கொஞ்சம் சத்தமாக, பசையையும் சேற்றையும், லைனரை வெட்டி ஒளித்ததையும் சேர்த்து, முதலிலிருந்து சொன்னார்.

டயர் கடைக்காரர் ட்யூபை விடவில்லை. குமிழி வந்த இடத்தில் விரலை வைத்தபடியே, "அன்னைக்கு நான் வந்தப்ப சொல்லியிருக்கலாமேண்ணே. தனியாதான இருந்தோம்" என்றார்.  நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது நிதானத்துக்கு.

 பிறகு தம்பி அக்காவைப் பார்க்காமலே, "அம்மா முழிச்சிருக்கு" என்றார். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு மாடிப்படி ஏறினார். தம்பி ட்யூபைத் துடைக்க ஆரம்பித்தார். இருங்கள் என்றோ போங்கள் என்றோ நிதானத்திடம் யாரும் சொல்லவில்லை. அவராகவே திரும்பி, பட்டறைக்கு நடந்தே போனார்.

முதலாளியிடமும் தானே சொன்னார். முதலாளி கத்தவில்லை. "இன்னும் எத்தன வண்டியில இப்படி?" என்று மட்டும் கேட்டார். "இது ஒண்ணுதான்" என்றார் நிதானம். முதலாளி மேசையைப் பார்த்தபடி, "அத நான் எப்படி நம்புறது, நீயே சொல்லு" என்றார்.  அந்த ஒரு வருடத்தில் நிதானம் கைவைத்த வண்டிகளை எல்லாம் ஒவ்வொன்றாக வரவழைத்தார்கள். வேறு இரண்டு மெக்கானிக்குகள் லைனரைத் திறந்து பார்த்தார்கள். கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது நிதானம்தான். ஐந்து வாரம் அது நடந்தது. எந்த வண்டியிலும் குறை இல்லை. இல்லை என்று தெரிந்த பிறகும் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஸ்டோர்காரப் பெண் மட்டும் ஒருநாள் ஜன்னல் வழியாக, "என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமேண்ணே. நான் என்ன உங்களக் கடிச்சா தின்னிருப்பேன்?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்க்க அவருக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது, சின்ன அறுவைதான் என்று டாக்டர் சொன்னார். போன வருடமே வந்திருந்தால் இன்னும் சுலபமாக முடிந்திருக்கும் என்றும் சொன்னார். அறுவைக்குப் பிறகு கட்டைவிரலுக்கு உணர்ச்சி திரும்பியது. மற்ற இரண்டு விரல்களுக்கும் பாதிதான். முதலாளி அவரை வேலையை விட்டு நிறுத்தவில்லை. இப்போது எஞ்சின் ஆயில், பிரேக் பார்ப்பது, இப்படிப் பெரிய உருப்படிகள்தான் அவருக்கு. கிளிப் போடும் வேலை வேறு ஆளிடம் போகிறது. முட்டைக்காரம்மாவின் லாரி அந்தப் பட்டறைக்கு அப்புறம் வரவில்லை.

ஒருநாள் காலை பஸ் நிறுத்தத்தில் டயர் கடைக்காரரைப் பார்த்தார். ஒளிய இடமில்லை. அவரே பக்கத்தில் வந்தார்.

"கை எப்படியிருக்குண்ணே?"

"பரவால்ல தம்பி. வீட்ல அம்மா?"

"இருக்கு. அக்கா நேத்துகூட வந்துச்சு."

"நல்லது."

 பஸ் வந்தது. டயர் கடைக்காரர் ஏறி, உள்ளே நகர்ந்து, "வாங்கண்ணே, இடம் இருக்கு" என்று கூப்பிட்டார். நிதானம் போக வேண்டியதும் அந்தப் பஸ்தான். "நான் அடுத்ததுல வரேன் தம்பி" என்று சொல்லிவிட்டு, அது கண்ணை விட்டு மறையும் வரை நிறுத்தத்திலேயே நின்றார்.